வடாற்காட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் நலமும் தலைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டோம். ஆனாலும் பணிமாறுதல் கலந்தாய்வு, டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) பயிற்சி, சங்கக் கூட்டம் என்று எங்கே கூடினாலும் பழைய வடாற்காட்டு ஆசிரியர்கள் கேட்கிற கேள்விகள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். அரசுப் பள்ளி, நிதியுதவிப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

ஆசிரியர் நலம் என்றால் என்ன? யோகா வகுப்பும் ஆசிரியர் தினச் சால்வையும் போதாதா?

யோகா நல்லது. சால்வையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செப்டம்பர் 5-ல் பிறந்த ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரீசுக் கல்லூரியில் படித்தவர். அந்த நாளைக் கொண்டாட நமக்குக் கூடுதல் உரிமை உண்டு.

ஆனால் ஒரு ஆசிரியையின் சாதாரண நாளைப் பாருங்கள். விடிவதற்குள் வீட்டுச் சமையலை முடித்து பஸ் பிடிக்கிறார். எட்டுப் பாடவேளையில் ஏழு அவருடையது. மீதி ஒன்றில் வராதவருடைய வகுப்பு. மதியம் ஒரு கையில் சாப்பாடு, இன்னொரு கையில் எமிஸ், அதாவது பள்ளி விவரங்களை ஏற்றும் துறையின் இணையப் பதிவு. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "மிக அவசரம், உடனே அனுப்பவும்". இதில் எதையும் யோகா குறைக்காது. வேலை அளவாக இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் நியாயமாகப் பிரிய வேண்டும், தன் வகுப்பைப் பற்றித் தானே முடிவெடுக்க இடம் வேண்டும், தவறு நடந்தால் பிள்ளைகள் முன்னால் அவமானப்படாமல் இருக்க வேண்டும். நலம் என்று நான் சொல்வது இதைத்தான். இவை பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில்தான் முடிவாகின்றன.

எனக்கு இருப்பது வெறும் அலுப்பா, "பர்ன் அவுட்" என்கிறார்களே, அதுவா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11-ம் பதிப்பில் இதற்கு விளக்கம் இருக்கிறது. அது ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் நீண்ட காலம் சரிசெய்யப்படாமல் கிடந்ததால் வரும் நிலை என்கிறது. மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்போ விலகலோ வருவது, "நான் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம் படிவது.

அலுப்பு என்றால் மே மாத விடுமுறையில் சரியாகிவிடும். ஜூன் மாதம் பள்ளி திறக்கப்போகிறது என்றதும் வயிற்றைக் கலக்குகிறது, பிடித்த பிள்ளைகளைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் கவனியுங்கள். காரணம் வேலையிடத்தில் இருக்கிறது என்று அந்த விளக்கமே சொல்லும்போது, "தைரியமா இருங்க டீச்சர்" என்பது பதில் ஆகாது. தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லா உத்தரவும் மேலிருந்து வருகிறது. ஒரு ஹெச்.எம். (தலைமையாசிரியர்) என்ன செய்துவிட முடியும்?

நிறைய. பள்ளிக்குள் மாணவர் கற்றலைப் பாதிக்கும் காரணங்களில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்று கென்னத் லீத்வுட் என்ற கனடா நாட்டு ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-ல் எழுதினார்கள். அந்தத் தலைமை ஆசிரியர்கள் வழியாகத்தான் பிள்ளைகளைச் சேர்கிறது. உத்தரவைத் தடுக்க முடியாவிட்டாலும், அது எந்த நேரத்தில், எந்தத் தொனியில், யார் தலையில் இறங்குகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள். பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் குழுவில் வந்ததை வந்த நிமிடமே பள்ளிக் குழுவில் தள்ளிவிட ஹெச்.எம். எதற்கு? படித்துப் பாருங்கள். யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும், மாலை ஆறு மணிக்குள் சொல்லுங்கள். இரவில் வந்தது காலையில் போகட்டும். உண்மையான அவசரம் என்றால் போன் இருக்கிறது.

அடுத்து புள்ளிவிவரம். எமிஸில் ஏற்கெனவே ஏற்றிய எண்ணிக்கையையே எக்செலில் ஒருமுறை, கூகுள் ஃபார்மில் ஒருமுறை, கையெழுத்திட்ட தாளில் ஒருமுறை கேட்பார்கள். மாதத் தொடக்கத்தில் வகுப்பு வாரியாக எல்லா எண்ணிக்கையையும் ஒரே பதிவேட்டில் எடுத்து வைத்துவிட்டால், மாதம் முழுக்க நீங்களே பதில் சொல்லலாம். பாடம் நடத்திக்கொண்டிருப்பவரை "ஒரு நிமிஷம் வாங்க சார்" என்று கூப்பிட வேண்டியதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நாற்பது பிள்ளைகளின் பாடவேளை கலைந்துவிடுகிறது.

இனி சப்ஸ்டிட்யூஷன். பள்ளிக்குள் நடக்கும் அநியாயத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. முடியாது என்று சொல்லத் தெரியாத புது ஆசிரியை தலையிலும், பகுதி நேர ஆசிரியர் தலையிலும் எல்லா வகுப்பும் விழும். சங்கப் பொறுப்பில் இருப்பவரிடமோ, ஹெச்.எம்.மின் ஊர்க்காரரிடமோ யாரும் கேட்க மாட்டார்கள். யார் எத்தனை வகுப்பு கூடுதலாக எடுத்தார்கள் என்ற கணக்கை ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மாதம் ஒட்டினாலே சுமை எங்கே கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் யாரையும் கடிந்துகொள்ள வேண்டிவராது. விழா வேலை, ஸ்டோர் ரூம் பொறுப்பு, ஸ்கவுட் என்று மற்ற பொறுப்புகளையும் அதே தாளில் எழுதுங்கள்.

விடுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு விதியிலேயே இருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்கிறவரிடம் குறுக்கு விசாரணை வேண்டாம். பாராட்டைப் பிரேயரில் சொல்லுங்கள், குறையை அறைக்குள் சொல்லுங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே மைக்கில் ஆசிரியரைக் கண்டிக்கிற ஹெச்.எம்.களை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்த ஆசிரியர் வகுப்பில் எந்தப் பையன் அடங்குவான்?

தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, முகாம் என்று எல்லாவற்றுக்கும் எங்களையே அனுப்புகிறார்களே?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 27-ம் பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு எந்தக் கல்வி சாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலை தேர்தல் கணக்கில் வருகிறது, தப்ப முடியாது. வருடா வருடம் ஒரே ஆள் பெயரை எழுதி அனுப்பாமல் இருக்கலாம். மற்ற வேலை வந்தால், அந்த நாளில் எந்த வகுப்புக்கு ஆசிரியர் இருக்க மாட்டார் என்று குறிப்பிட்டு ஹெச்.எம். எழுத்தில் பதில் அனுப்பட்டும். வாய்மொழியாகப் புலம்பியதற்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. இதில் தலைமை எங்கே, நலம் எங்கே?

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்பு எடுக்காத தனித் தலைமையாசிரியர் வேண்டுமானால் தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே நம் கிராமங்களில் ஹெச்.எம். என்பவர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, நடுவில் காலை உணவுக் கணக்கையும் சத்துணவுப் பதிவேட்டையும் பார்ப்பவர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவரிடம். அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட விடுப்பு எடுக்க மனம் வராது.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பது ஓரளவு கைகொடுக்கிறது. வகுப்பு வாரியாக மூன்று முறை நடத்துவதைவிட நிலை வாரியாக ஒருமுறை நடத்தலாம். அதற்கு மேல் தீர்வு பள்ளிக்கு வெளியேதான் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகள் மூன்று, நான்கு சேர்ந்து பயிற்சி நாட்களை மாற்றி மாற்றிக் கேளுங்கள். இருவரையும் ஒரே நாளில் அழைத்தால் வட்டார வள மையத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். மாற்று ஆசிரியர் வருவது பி.இ.ஓ. கையில் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் உபரி ஆசிரியர் எங்கே, தட்டுப்பாடு எங்கே என்ற கணக்கு அவரிடம்தான் முழுமையாக இருக்கும். அமைப்பு என்று பெரிய வார்த்தையில் பேசுவதெல்லாம் கடைசியில் அந்த ஒரு கோப்பில் அவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்பதுதான்.

மலைப் பள்ளிக்கு மாறுதல் என்றால் தண்டனை என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள்?

பல காலம் அப்படித்தான் நடத்தி வந்தார்கள். அணைக்கட்டு வட்டாரத்தில் பீஞ்சமந்தை, திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, அந்தப்புறம் ஜமுனாமரத்தூர் என்று ஜவ்வாது மலை நெடுகப் பள்ளிகள் இருக்கின்றன. அல்லேரி போன்ற மலைக் கிராமங்களுக்கு நல்ல சாலை இல்லாமலே தலைமுறைகள் கழிந்தன. கீழே குடும்பம், மேலே வேலை, பஸ் போனால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. கோபப்பட்ட அதிகாரி "மலைக்குத் தூக்கிடுவேன்" என்று மிரட்டுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

அந்த மிரட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மலையில் வாழும், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் படிக்கிற இடத்துக்குத் தண்டனை என்று பெயர் வைத்தால், அங்கே அனுப்பப்படுகிறவர் எந்த மனநிலையோடு பாடம் நடத்துவார்? பெற்றோர் எஸ்டேட் வேலைக்குக் கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் போகும்போது பிள்ளையும் கூடவே போய்விடும். திரும்பி வரும்போது படித்தது மறந்திருக்கும். அனுபவமும் பொறுமையும் உள்ளவர்கள் அங்கேதான் தேவை.

நியாயமான ஏற்பாடு என்றால் எனக்குத் தோன்றுவது இது. மலைப் பணிக்குக் கால வரம்பு இருக்கட்டும், முடித்தவருக்கு அடுத்த கலந்தாய்வில் விரும்பிய இடத்தில் முன்னுரிமை கிடைக்கட்டும், பாதுகாப்பான குடியிருப்பு இருக்கட்டும். இவை அரசு எடுக்க வேண்டிய முடிவுகள். அதற்கு முன்பே ஒரு ஹெச்.எம். செய்யக் கூடியது, மேலேயே தங்குகிறவருக்கு சனிக்கிழமை வேலையைக் குறைத்து வெள்ளி மாலை பஸ்ஸைப் பிடிக்க விடுவது. அதே மலையில் பிறந்து படித்து ஆசிரியர் ஆனவர்கள் இப்போது வருகிறார்கள். அவர்களை ஊர்க்காரர்களிடம் பேசவும் ஆள் கூப்பிடவும் மட்டும் பயன்படுத்தாமல் பொறுப்புகளைக் கொடுங்கள்.

பெண் ஆசிரியர்களுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

கழிப்பறை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த வெயிலில் ஆசிரியைகள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், பள்ளியில் போக இடம் இல்லை என்பதால். சிறுநீர்த் தொற்று, தலைவலி, கூடவே வறண்ட தொண்டையில் கத்திக் கத்திக் குரல் போவது எல்லாம் அதிலிருந்து வருகின்றன. தாழ்ப்பாளும் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் உள்ள ஒரு கழிப்பறையை, பள்ளி மானியத்தில் முதல் செலவாக எழுதுங்கள். பெயின்ட் அடிப்பது அப்புறம் நடக்கட்டும்.

அரசு ஆசிரியைகளுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். திரும்பி வருபவரிடம் "ஒரு வருஷம் ஜாலியா இருந்துட்டு வந்தீங்க" என்று சொல்லும் வழக்கத்தை ஹெச்.எம்.தான் நிறுத்த வேண்டும். பாலியல் தொந்தரவு பற்றிய 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சின்னப் பள்ளிகளுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. அதன் உறுப்பினர் பெயர்கள் ஸ்டாஃப் ரூமில் எழுதியிருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் வேலை. பிள்ளைகள் வீட்டில் உருது, சிலர் தெலுங்கு. பெற்றோர் ஷூ கம்பெனியில். எங்கே தொடங்குவது?

வீட்டு மொழியை மதிப்பதில் தொடங்குங்கள். 2006-ம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடம். உருது வழியில் படிக்கும் பிள்ளைக்கு அது உண்மையிலேயே கடினம். தமிழ் ஆசிரியரும் உருது ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளை சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட டைம் டேபிளிலேயே இடம் விடுங்கள். இல்லாவிட்டால் தேர்ச்சி குறையும்போது ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். ஒரே வளாகத்தில் இரண்டு ஸ்டாஃப் ரூம் இருந்தால் ஒன்றாக்குங்கள்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் பிற்பகலில் வைத்துவிட்டு "இந்த ஊர் பேரன்ட்ஸுக்கு அக்கறை இல்லை" என்பது அநியாயம். கம்பெனியில் அரை நாள் விடுப்பு எடுத்தால் கூலி போகும். குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவுக்கும் அப்படித்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அவர்கள் உண்மையில் வரக்கூடிய நேரம் ஞாயிறு காலை என்றால், எல்லோரையும் அழைக்காமல் இரண்டு ஆசிரியர் மட்டும் முறை வைத்துப் போய்ப் பேசி வரட்டும். போனவருக்கு வேறொரு நாள் ஓய்வு கொடுங்கள். ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிப் பெற்றோருக்குக் கொடுப்பது சமத்துவம் ஆகாது.

சாதி பற்றி இங்கே பேச வேண்டுமா? அது தெற்கத்திப் பிரச்சினை இல்லையா?

இல்லை. நாங்குநேரியில் 2023-ல் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024-ல் அறிக்கை வந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி அடையாளம் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிறு கட்டாத பள்ளியிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. வகுப்பைக் கூட்டுவது யார்? ஹெச்.எம்.முக்குத் தண்ணீர் எடுத்துவருவது யார்? விருந்தினருக்கு மாலை கொடுப்பது யார்? இரண்டு வாரம் பெயர் குறித்து வைத்துப் பாருங்கள்.

ஸ்டாஃப் ரூமிலும் இதே கேள்விகள் உண்டு. புதிதாக வந்த ஆசிரியரிடம் "எந்த ஊரு?" என்று கேட்டு, அதோடு நிற்காமல் "எந்தத் தெரு?" என்று கேட்பது எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அவருடைய டிபன் பாக்ஸில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். இதைத் தாங்கிக்கொண்டு தினமும் சிரித்த முகத்தோடு வகுப்புக்குப் போவது எவ்வளவு பெரிய சுமை! ஹெச்.எம். அந்த மேசையில் உட்கார்ந்து எல்லோரோடும் பகிர்ந்து சாப்பிட்டால் சுற்றறிக்கையால் மாறாதது மாறும். வெளிப்படையாக இழிவுபடுத்தினால் அது சட்டப்படி குற்றம். "உள்ளே பேசித் தீர்த்துக்கலாம்" என்று அமுக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

2024-ல் அரியலூர் 97 சதவீதத்துடன் முதலிடம். வேலூர் 82 சதவீதத்துடன் மாநிலத்திலேயே கடைசி. அப்படி வந்தால் ஆய்வுக் கூட்டம், மெமோ, மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு என்று வரிசையாக வரும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஏறி வந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு கணக்கு ஆசிரியர் ஆறு மாதத்தில் என்ன செய்ய முடியும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் ஹெச்.எம். காலிப் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது, எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறார்கள் என்ற விவரத்தோடு போங்கள். அதை ஒப்புக்குச் சொல்லும் சாக்கு என்று நினைத்தால் நினைக்கட்டும்.

அழுத்தத்தில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் காக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காப்பு இல்லை. சதவீதத்தைக் காப்பாற்ற, அங்கேயே "டி.சி. வாங்கிக்கோங்க, வேற ஸ்கூல் பாருங்க" என்று அனுப்பிவிடுகிற பள்ளிகள் இருக்கின்றன. நூறு சதவீதம் என்று பேனர் கட்டும்போது, ஒன்பதில் சேர்ந்தவர் எத்தனை பேர், பத்தில் தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

மாலை வகுப்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முறை வைத்துப் பிரியுங்கள். ஒடுகத்தூருக்குப் போக வேண்டிய ஆசிரியையைத் தினமும் ஆறரை வரை நிறுத்தாதீர்கள்.

தனியார் பள்ளி ஆசிரியருக்கு உரிமை எதுவும் கிடையாதா?

உண்டு. தொழில் தகராறு சட்டத்தில் ஆசிரியர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வர மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் சொன்னது உண்மை. ஆனால் பணிக்கொடைச் சட்டத்தில் 2009-ல் செய்த திருத்தம் ஆசிரியர்களைச் சேர்த்தது, அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல். பள்ளி நிர்வாகங்கள் தொடுத்த வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு விலகினால், ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கேட்கலாம். 20 பேர் வேலை செய்யும் பள்ளி என்றால் பி.எஃப். பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இணங்காதீர்கள், நகல் போதும். சம்பளம் வங்கியில் வரட்டும்.

மனநல உதவி வேண்டும். யாருக்கும் தெரியாமல் எங்கே போவது?

14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவியில், தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும், கட்டணமில்லாமல். நேரில் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கின்றன. "பாகாயம் போறாங்க" என்று கேலி பேசுவது நம் ஊர்ப் பழக்கம். ஆசிரியர்களாகிய நாமே அதை நிறுத்தினால் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஆசிரியர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஹெச்.எம்.மை யார் பார்த்துக்கொள்வது?

இந்தக் கேள்வி மிகத் தாமதமாகத்தான் கேட்கப்படுகிறது. பல பள்ளிகளில் பதவி காலியாகக் கிடந்து, மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்புத் தலைமையாசிரியராகத் தன் வகுப்புகளையும் நடத்திக்கொண்டு ஓடுகிறார். பதவி உயர்வில் வந்தவருக்கும் நல்ல ஆசிரியராக இருந்த அனுபவம் இருக்கும். மனிதர்களை நடத்தவும், கணக்கு எழுதவும், அதிகாரியிடம் மறுத்துப் பேசவும் யாரும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள்.

பக்கத்துப் பள்ளிகள் சேரும் குறுவள மையக் கூட்டத்துக்கு வரும் ஹெச்.எம்.கள் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் தங்களுக்குள் உட்காருங்கள். அதிகாரி வேண்டாம், மினிட்ஸ் வேண்டாம். இந்த மாதம் எது தூக்கத்தைக் கெடுத்தது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். பக்கத்துப் பள்ளிக்காரர் அதே ஆடிட் கேள்விக்கு என்ன பதில் எழுதினார் என்று தெரிந்தாலே பாதி பயம் போகும். பள்ளிக்குள் எல்லாச் சாவியும் உங்கள் இடுப்பில் இருக்க வேண்டாம். உதவித் தலைமையாசிரியர் இருந்தால் டைம் டேபிளையும் சப்ஸ்டிட்யூஷனையும் முழுசாக அவரிடம் விடுங்கள், இடையில் திருத்தாதீர்கள். வாரத்தில் இரண்டு பாடவேளையாவது நீங்களும் வகுப்பு எடுங்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்பது அறையில் உட்கார்ந்து தெரியாது. மாலை நாலரைக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது, ஆசிரியர்களோடு சேர்ந்து நீங்களும் பஸ் ஸ்டாண்டுக்கு நடங்கள்.